ஊர் பேர் சொன்னால் படம் கிடையாது

அனுப்புநர்:
பள்ளிப்பட்டு ஊர்த் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர்,
பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
இணையதளப் பிரிவுப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
மழையையும் அணையையும் படமாக வெளியிடும் துறை.
(துறையின் பெயரைப் போட்டால் "அது நாங்கள் இல்லை, பக்கத்து செக்‌ஷன்" என்று கடிதம் திரும்பி வரும். ஆகவே போடவில்லை. எந்த மாநிலத்துத் துறை என்றும் சொல்லவில்லை. எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.)

பொருள்: பொதுமக்கள் பார்வைக்காக வெளியிட்ட படத்தைப் பொதுமக்கள் பார்த்துவிடாதபடி காத்து வருவதற்குப் பாராட்டுத் தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

தாங்கள் தினமும் மழைப் படம் ஒன்றும் அணை நீர்மட்டப் படம் ஒன்றும் வெளியிடுகிறீர்கள். நல்ல படங்கள். எந்தப் பக்கம் நீலம், எந்தப் பக்கம் சிவப்பு என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அந்தப் படங்களை எங்கள் ஊர்த் தளத்தின் முகப்பில் வைத்தால், நீலமும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. நடுவில் கிழிந்த சின்னப் படச்சட்டம் ஒன்று வருகிறது. அதன் பக்கத்தில் "இன்றைய மழை நிலவரம்" என்று நாங்கள் எழுதி வைத்த தலைப்பு மட்டும் இருக்கிறது. தினமும் அதே நிலவரம்.

எங்களுக்கு எதற்கு மழைப் படம், வாசலில் எட்டிப் பார்த்தால் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். போதாது. கொசஸ்தலை ஆறு எங்களுக்கு மேற்கே ஆந்திராவிலிருந்து வருகிறது. அங்கே கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. மழை அங்கே பெய்யும், மதகை அங்கே திறப்பார்கள், எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் எல்லை தாண்டி வந்துவிடும். தண்ணீரிடம் யாரும் பர்மிட் கேட்பதில்லை. நெடியம், சாமந்தவாடா பக்கத்துத் தரைப்பாலங்கள் முதலில் முழுகும். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது. தறிக்கு நூல் கொண்டுவரும் வண்டி சுற்றிக்கொண்டு போகும். 2021 நவம்பர் மழையில் இதெல்லாம் நடந்தது, செய்தித்தாளில் படமும் வந்தது. அந்தப் படம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது, காகிதத்தில் அச்சடித்திருந்ததால். பிறகு அதே தண்ணீர் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சென்னைக்காரர்களுக்குக் குடிநீர் ஆகிறது. எங்களைக் கடக்கும் வரை அதற்கு வெள்ளம் என்று பெயர்.

ஆகவே மேற்கே என்ன பெய்கிறது என்று காட்டும் படம் எங்களுக்கு வேடிக்கைக்கு அல்ல.

படம் ஏன் வரவில்லை என்பதைத் தங்களுக்கே விளக்கும் துணிச்சலைப் பொறுத்தருள வேண்டும். தங்கள் உதவி எண்ணில் பேசியவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஒரு பக்கத்தில் படம் இருக்கிறது என்றால், அந்தப் பக்கத்துக்குள் படமே இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருப்பது முகவரி மட்டும். 1993-ல் மார்க் ஆண்டிரீசன் என்ற இளைஞர் பக்கத்துக்குள் படம் காட்ட ஒரு குறியீட்டை முன்வைத்தபோதே ஏற்பாடு அப்படித்தான்: படம் உலகத்தில் எந்தக் கணினியில் வேண்டுமானாலும் இருக்கலாம், முகவரியைக் கொடுத்தால் போதும், பார்ப்பவரின் பிரவுசர் நேரே அங்கே போய் வாங்கிக்கொண்டு வரும். எங்கள் தளத்தைத் திறக்கும் பெண்மணியின் கைப்பேசி, எழுத்தை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, படத்துக்குத் தங்கள் சர்வரின் கதவைத் தட்டுகிறது. தட்டும்போது, கேட்காமலே ஒரு சேதியையும் சொல்லிவிடுகிறது: "நான் பள்ளிப்பட்டுத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கிருந்து வருகிறேன்." இந்தச் சேதிக்கு ரெஃபரர் என்று பெயர்.

தங்கள் சர்வர் இந்த ரெஃபரரைப் பார்க்கிறது. சொந்தத் தளத்தின் பெயர் இருந்தால் படம் கொடுக்கிறது. வேறு பெயர் இருந்தால் 403 என்று ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. அனுமதி இல்லை என்பதன் சுருக்கம் அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது திருத்தணிக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்குப் பழக்கப்பட்ட விஷயம்தான் என்றாலும், பூசாரி ஓர் எண் சொல்லி அனுப்புவது புதிது.

எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. நகரிக்குப் போய்த் திரும்பும்போது சோதனைச்சாவடியில் கேட்பதும் அதைத்தான். எங்கள் ஊருக்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறல் உண்டு. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்த்தார்கள். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் தமிழகத்தின் வட எல்லைக்காகப் போராடிய பிறகு, 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தோம். செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தோம், 1997-ல் திருவள்ளூர் ஆனோம். இத்தனைக்கும் ஊர் நகரவே இல்லை. எங்களைச் சுற்றித் தாள்கள் நகர்ந்தன. இப்போது தங்கள் சர்வரும் அந்த வரிசையில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சோதனைச்சாவடிக்காரருக்கு ஒரு நியாயம் உண்டு. பதில் சொல்லாமல் போகிற வண்டியை அவர் விட மாட்டார். தங்கள் சர்வர் விடுகிறது! எங்கிருந்து வருகிறேன் என்று எதுவுமே சொல்லாத கோரிக்கையை அது கை கூப்பி வரவேற்று உள்ளே அனுப்பிவிடுகிறது. முகவரியை நேரே பிரவுசரில் தட்டச்சு செய்தால் ரெஃபரர் போகாது, படம் வரும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டினாலும் பெரும்பாலும் போகாது, படம் வரும். "பள்ளிப்பட்டிலிருந்து வருகிறேன்" என்று உண்மையைச் சொன்னால் மட்டும் வராது. தங்கள் உதவி எண்ணோடு நடந்த உரையாடல் இதைத் தெளிவாகக் காட்டும்:

"சார், உங்க படம் எங்க பக்கத்துல வரலை."

"லிங்க் அனுப்புங்க… ம்… எனக்கு வருதே!"

"தனியாத் திறந்தா வரும் சார். பக்கத்துக்குள்ள வச்சாத்தான் வராது."

"அப்ப உங்க பக்கத்துலதான் பிரச்சினை."

"உங்க சர்வர்தான் சார் 403 குடுக்குது."

"உங்க ஏரியால நெட் ஸ்லோவா இருக்கும். கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க."

"எனக்கு வருதே" என்பது இந்நாட்டின் அலுவலகங்களில் புகார்களை முடித்துவைக்கும் மகா மந்திரம். இந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவும் இல்லை. அவருக்கு உண்மையாகவே வருகிறது. ஊர் பேர் சொல்லாமல் கேட்டார் அல்லவா?

இதில் இன்னொரு வேடிக்கை. எங்கள் பக்கத்தில் அந்தப் படத்துக்கான குறியீட்டோடு "ரெஃபரர் அனுப்பாதே" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், பூட்டு திறந்துவிடும். இது ரகசியம் இல்லை, இணைய வடிவமைப்புப் பாடத்தில் உள்ள விஷயம். தங்கள் படங்களை ஆயிரக்கணக்கில் சுருட்ட நினைப்பவன் எழுதும் நிரல், எந்தப் பெயரை வேண்டுமானாலும் ரெஃபரராகச் சொல்லும், தங்கள் துறையின் பெயரையே சொல்லும். ஆகத் திருடனுக்குக் கதவு திறந்திருக்கிறது, பெயர் சொல்லாதவனுக்கும் திறந்திருக்கிறது. சுற்றிவளைக்காமல் வருகிறவனுக்கு மட்டும் மூடியிருக்கிறது. இதைத் தாங்கள் "பாதுகாப்புத் தணிக்கையில் தேர்ச்சி" என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தால் நான் வியக்க மாட்டேன்.

தங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லி என் வாயை அடைப்பார்கள். அடுத்தவர் சர்வரிலிருந்து படத்தை இழுத்துத் தன் தளத்தை அலங்கரிப்பது கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுதான். படம் போகும் ஒவ்வொரு முறையும் டேட்டாச் செலவு படத்தின் சொந்தக்காரருக்கு, நல்ல பெயர் அதைக் காட்டியவருக்கு. ஒரு தனிமனிதர் தன் கைக்காசில் தளம் நடத்துகிறார், அவர் படத்தைப் பெரிய நிறுவனம் இப்படி இழுத்தால் அவர் பூட்டுப் போடத்தான் வேண்டும். சிலர் பூட்டை விட நல்ல மருந்து கொடுத்திருக்கிறார்கள். 2007 மார்ச்சில் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதிபர் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் அவருடைய பக்கம் மைக் டேவிட்சன் என்ற வடிவமைப்பாளரின் பக்க வார்ப்புருவைப் பயன்படுத்தியது, படத்தையும் அவர் சர்வரிலிருந்தே எடுத்தது. டேவிட்சன் சண்டை போடவில்லை. தன் சர்வரில் இருந்த படத்தை மட்டும் மாற்றி வைத்தார். விடிந்தால் மெக்கெய்னின் பக்கத்தில், தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு ஓரினத் திருமணத்தை முழுமனதாக ஆதரிப்பதாக மெக்கெய்னே அறிவித்திருந்தார்! அவருடைய ஆட்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். முகவரியை மட்டும் வைத்திருப்பவன் கையில் படம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

காசு கேட்டவர்களும் உண்டு. ஃபோட்டோபக்கெட் என்ற நிறுவனம் பல ஆண்டுகளாக "படத்தை எங்களிடம் வையுங்கள், எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள்" என்றது. 2017 கோடையில், வேறு தளங்களில் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் என்றது. வண்டி பழுதுபார்ப்பு, தையல், தோட்டக்கலை என்று ஆண்டுக்கணக்கில் படம் போட்டு விளக்கி வைத்த பக்கங்களில் எல்லாம் படத்துக்குப் பதில் ஒரே அட்டை வந்து உட்கார்ந்தது. அது லாபத்துக்கு நடக்கும் கம்பெனி, திட்டிவிட்டு விட்டுவிடலாம்.

தாங்கள் கம்பெனி இல்லையே? தங்கள் படத்துக்கான செலவை நாங்கள் ஏற்கெனவே வரியாகக் கட்டிவிட்டோம். தேங்காயும் எங்களுடையது, பிள்ளையாரும் எங்களுடையவர்.

"படத்தை இறக்கி உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாமே" என்று தங்கள் உதவி எண் பெரிய மனதோடு யோசனை சொன்னது. இங்கேதான் சற்று நின்று யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு பழைய கோயில் கோபுரத்தின் படம் என்றால் இறக்கி வைத்துக்கொள்ளலாம், கோபுரம் நாளைக்கு மாறாது. மழைப் படம் அப்படி இல்லை. நகலெடுத்த நிமிடமே அது பழைய படம். முகவரியை மட்டும் வைத்தால், காலை 8.30 மணிக் கணக்கைத் தாங்கள் ஏற்றியதும் எங்கள் முகப்பிலும் அதே 8.30 வந்து நிற்கும், இரவு ஒரு மணிக்குத் தாங்கள் சிவப்பைக் கூட்டினால் நெடியத்தில் கைப்பேசியைத் திறப்பவருக்கும் சிவப்பு கூடும். யாரும் தூக்கம் விழித்து நகலெடுக்க வேண்டாம். படம் ஒன்று, உண்மை ஒன்று, அதை மாற்றும் அதிகாரம் தங்களிடம் மட்டும். மெக்கெய்னுக்கு அவமானமாக முடிந்த அதே ஏற்பாடு, எச்சரிக்கைக்கு வரப்பிரசாதம்.

அதை அடைத்துவிட்டீர்கள். அடைத்ததும் என்ன நடந்தது? ஒருவர் தங்கள் தளத்துக்குப் போய்ப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார். கைப்பேசித் திரைக்குப் பொருந்தவில்லை என்று மேலும் கீழும் வெட்டினார். வெட்டிய கீழ்ப்பகுதியில்தான் தேதி இருந்தது. தேதியில்லாத சிவப்புப் படம் தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது, அங்கிருந்து பொதட்டூர்ப்பேட்டைக்குப் போனது, ஆர்.கே.பேட்டைக்குப் போனது. அடுத்த மழைக்கு மறுபடி வந்தது. யாரோ ஒருவர் "அணை உடைந்தது" என்று ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்த்தார். மறுநாள் தங்கள் துறையிலிருந்து செய்திக்குறிப்பு: வதந்திகளை நம்ப வேண்டாம், துறையின் அதிகாரப்பூர்வப் படங்களை மட்டும் பார்க்கவும்.

அதிகாரப்பூர்வப் படத்தைத்தான் ஐயா, காட்டப் பார்த்தோம். அதற்குத்தான் 403 வந்தது. தேதி வெட்டிய படத்துக்கு எந்த எண்ணும் வருவதில்லை.

பூட்டு இல்லாத நாட்களிலும் படம் வராமல் போவதற்குத் தாங்கள் வேறு வழிகளை வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். கோப்பின் பெயர் இன்று மழை.ஜேபிஜி, நாளை மழை நியூ.ஜேபிஜி, மறுநாள் மழை நியூ ஃபைனல் 2.ஜேபிஜி. ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டால் அதை மாற்றாதீர்கள் என்று உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 1998-ல் கட்டுரை எழுதி வைத்திருக்கிறார், சுற்றறிக்கையாக வராததால் தங்கள் பார்வைக்கு எட்டியிருக்காது. ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருந்த கோப்பின் பெயர் திடீரென்று பேரெழுத்துக்கு மாறும். அலுவலகத்து விண்டோஸ் கணினிக்கு இரண்டும் ஒன்று, சர்வரில் ஓடும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. படங்கள் மட்டும் இன்னும் எச்டிடிபி முகவரியிலேயே இருக்கும். எங்கள் தளமோ பாதுகாப்பான எச்டிடிபிஎஸ். 2020 வாக்கிலிருந்து குரோம் பிரவுசர் இப்படிப்பட்ட படத்தைத் தானாகவே எச்டிடிபிஎஸ்ஸில் தேடிப் பார்த்து, அங்கே இல்லையென்றால் விட்டுவிடுகிறது. இன்னொரு கட்டளையும் இருக்கிறது: சர்வர் படத்தை அனுப்பும்போதே "என் தளம் தவிர வேறெங்கும் காட்டாதே" என்று ஹெட்டர் என்ற முன்குறிப்பில் எழுதிவிடலாம். படம் கிளம்பி வந்து, பார்ப்பவரின் பிரவுசர் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே தள்ளிவிடும். அனுப்பிய செலவும் ஆச்சு, பார்த்தவரும் இல்லை. அரசுச் செலவின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பத்தை நான் கண்டதில்லை.

வளைகுடாவிலிருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டுப் பார்த்தால் அரசுத் தளங்கள் சில திறப்பதே இல்லை, நாட்டுக்கு வெளியே மொத்தமாக மூடியிருக்கிறது. அதைப் பற்றித் தனிக் கடிதம்.

விதி என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று தேசியத் தகவலியல் மையம் 2009-லேயே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது, பிறகு திருத்தியும் வெளியிட்டது. அதையொட்டி எழுதிய இணைப்புக் கொள்கை அரசுத் தளங்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: எங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை, முன் அனுமதி தேவையில்லை, ஆனால் எங்கள் பக்கத்தை உங்கள் பக்கத்தின் சட்டகத்துக்குள் அடைத்துக் காட்டாதீர்கள். நியாயம். நாங்கள் பக்கத்தை அடைக்கவில்லை, ஒரு மழைப் படத்தைத்தான் கேட்டோம், அடியில் தங்கள் துறையின் பெயரையும் போட்டோம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ம் பிரிவோ, மக்கள் மனுப்போட வேண்டிய தேவையே குறையும் அளவுக்குத் தகவலைத் தாங்களாகவே, இணையம் உள்பட பல வழிகளிலும் கொடுத்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. கொள்கை கதவைத் திறக்கிறது, சட்டம் திறக்கிறது. மூடியது யார்?

யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் இதில் அழகு. எந்தக் கூட்டத்திலும் எந்த அதிகாரியும் "பள்ளிப்பட்டுக்காரனுக்குப் படம் காட்டாதே" என்று கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். தளத்தை நிறுவும் பலகையில் "ஹாட்லிங்க் பாதுகாப்பு" என்று, அதாவது அடுத்த தளத்தில் படம் காட்டுவதைத் தடுக்க, ஒரு கட்டம் இருக்கும். டெண்டர் எடுத்த கம்பெனியின் பையன், பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறதே, நல்லதாகத்தான் இருக்கும் என்று டிக் அடித்திருப்பான். கம்பெனி போய்விட்டது, பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான், டிக் மட்டும் பணியில் நீடிக்கிறது, ஓய்வு வயது இல்லாமல்.

ஆகவே கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. பூட்டு இருக்கட்டும். பொதுமக்களுக்கான மழை, அணைப் படங்களுக்கு மட்டும் பூட்டில்லாத ஒரு ஃபோல்டர் திறந்து வையுங்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற தனியார் சேவையே இப்படி ஒரு விதிவிலக்கு ஃபோல்டருக்கு வழி வைத்திருக்கிறது. படத்தின் பெயர் ஒன்றே இருக்கட்டும், உள்ளே இருக்கும் படம் மட்டும் மாறட்டும், பழைய படங்கள் தேதியோடு தனியே போகட்டும். முகவரி எச்டிடிபிஎஸ் ஆகட்டும். டேட்டாச் செலவுதான் கவலை என்றால், இந்தப் படத்தைப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வரில் ஒரு வரி எழுதினால், ஒரே கைப்பேசி மறுபடி மறுபடி வந்து கதவைத் தட்டாது. தேதியைப் படத்தின் கீழ்விளிம்பில் போடாமல் நடுவில் போட்டால் வெட்டவும் முடியாது. கடைசியாகச் சொன்னதற்குத் தொழில்நுட்பமே தேவையில்லை.

நேரில் வந்து விளக்கவும் தயார். திருத்தணிக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வருவேன், திங்கள்கிழமை குறைதீர் நாளில் திருவள்ளூர் ஆட்சியரகத்துக்கும் வருவேன். வாசலில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரெஃபரர்: பள்ளிப்பட்டு.

நகல்: டிக் அடித்த தம்பிக்கு, எங்கிருந்தாலும்.

இணைப்பு: நேற்றைய மழைப் படம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒன்று. எந்த வருடத்து நேற்று என்பதைத் துறை சரிபார்த்துச் சொல்லவும்.